மரியாதை முறைகளும் அறமும்: கொரிய, அமெரிக்க ஒழுகலாறுகளை முன்வைத்து ஒரு நோக்கு

1

உயர்கல்வியின் பொருட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றுக்குச் செல்லும் கொரிய மாணவன் முதல் வாரத்திலேயே எதிர்நோக்கும் இக்கட்டு ஒன்றுண்டு. அறுபது வயதைத் தாண்டிய பேராசிரியர் கையை நீட்டித் தம்மை வெறும் பெயராலேயே அழைக்குமாறு கூறுகின்றார். மாணவனை மதித்தே அவர் அவ்வாறு கூறுகின்றார். மாணவனுக்கோ நா எழுவதில்லை. தந்தையினும் மூத்தவரைப் பெயர்சொல்லி அழைத்து அவன் பழகியவனல்லன். பெயரைச் சொல்லவும் இயலாமல், பணிப்பை மறுக்கவும் இயலாமல், எவ்விதத்திலும் விளிக்காமலே பேச்சைத் தொடங்குவதற்கு அவன் பழகிக்கொள்கின்றான். இதற்கு மறுதலையாக, சியோல் நகருக்குத் தொழிலின் பொருட்டுச் செல்லும் அமெரிக்கரிடம் அறிமுகமான சில நிமிடங்களுள் அவரது வயது வினவப்படுகின்றது. தம் அந்தரங்கத்துள் அந்நியர் நுழைவதாக அவர் கருதுகின்றார். வினவியவருக்கோ அவ்விடையை அறியாமல் எந்த வினைமுற்றைக் கொண்டு தம் வாக்கியத்தை முடிப்பதென்பதே தெரியாது.

இவ்விரு சந்தர்ப்பங்களிலும் எவரும் எவரையும் அவமதிக்க எண்ணவில்லை. ஆயினும் இருவரும் மனத்திற் சிறு காயத்துடனேயே வீடு திரும்புகின்றனர். இதனை வெறும் பழக்க வேறுபாடெனத் தள்ளிவிடலாமா? அன்றி, ஒருவரை ஒருவர் மதித்தல் என்னும் அறத்தைப் பற்றியே இரு சமூகங்களும் வேறுபட்ட கொள்கை உடையனவா?

அறத்தின் கட்டளை நிபந்தனையற்றது, மரியாதை முறையின் கட்டளை வழமையைச் சார்ந்தது என்பதே மெய்யியலில் நெடுங்காலமாக நிலவிய பொதுக்கருத்தாகும். 1972 ஆம் ஆண்டிலே பிலிப்பா புட் என்னும் ஆங்கில மெய்யியலாளர் வெளியிட்ட கட்டுரையொன்று இவ்வெல்லைக்கோட்டைக் கேள்விக்குள்ளாக்கியது. மரியாதை முறையின் ‘வேண்டும்’ என்பதும் கேட்பவரின் விருப்பு வெறுப்பை உசாவிக்கொண்டு பேசுவதில்லை. அதனைப் பொருட்படுத்தாதவரை நோக்கியும் அது ‘வேண்டும்’ என்றே பேசுகின்றது. அவ்வாறாயின் அறத்தின் கட்டளைக்கு மட்டும் தனிவலிமை எங்கிருந்து வந்தது என அவர் வினவினார். கான்ற் தம் முதுமையில், 1798 இல் வெளியிட்ட மானிடவியல் நூலிலே, உபசார வார்த்தைகளை எவரையும் ஏமாற்றாத தோற்றங்களாகக் கண்டார். அத்தோற்றங்களே காலப்போக்கில் உண்மைப் பண்பாக முதிரக்கூடும் எனவும் கருதினார். ஆகவே இவ்வினா சிறு வினாவன்று. மரியாதை முறைகள் அறத்தின் எல்லைக்கு உட்பட்டனவா, உட்பட்டனவெனின் அவற்றை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பதைக் கொரிய, அமெரிக்க ஒழுகலாறுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கொரிய ஒழுகலாற்றின் வேர்களைக் கொன்பூசியச் சிந்தனையிலே காணலாம். 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜொசொன் அரசவமிசம் புதுக்கொன்பூசியத்தைத் தன் அரச கொள்கையாக ஏற்றுக்கொண்டது. தந்தை - மகன், அரசன் - அமைச்சன், கணவன் - மனைவி, மூத்தோன் - இளையோன், நண்பன் - நண்பன் என்னும் ஐவகை உறவுகளின்மீது மனித வாழ்வு முழுவதும் கட்டப்பட்டுள்ளது என்பது அச்சிந்தனையின் அடிப்படையாகும். இவ்வைந்தனுள் இறுதியானது மட்டுமே சமநிலை உறவு. ஏனைய நான்கிலும் ஒருவர் மேலே நிற்க மற்றவர் கீழே நிற்கின்றார். எனினும் இருவருக்கும் கடமைகள் உள. மேலே நிற்பவர் கடமையினின்றும் விடுபட்டவரல்லர்.

இக்கொள்கை நூல்களில் மட்டும் உறையாமல் மொழியினுள்ளும் புகுந்துள்ளது. கொரிய மொழியிலே வினைமுற்றின் விகுதியே கேட்பவரின் நிலையைக் குறித்துநிற்கும். இதன்படி பேச்சுநிலைகள் ஆறு என்பது மரபிலக்கணத்தாரின் பொதுவான கணக்கு. அன்றாட வழக்கிலே இவை மரியாதைப் பேச்சாகிய ‘ஜொந்தேன்மால்’ என்றும், நெருங்கியவரிடமும் இளையவரிடமும் வழங்கும் ‘பன்மால்’ என்றும் இருபாலாகப் பிரிந்துநிற்கின்றன. ‘நீ, நீர், நீங்கள்’ என மூவகை முன்னிலை வழங்கும் யாழ்ப்பாணத் தமிழிலே பழகியவருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். எந்தச் சொல்லையும் தெரிவுசெய்யாது நடுநிலையில் நின்று பேசுதல் கொரியருக்கு அரிது. வாயைத் திறந்தவுடனேயே உறவு இன்னதென்று கூறியாக வேண்டும். இதனாலேயே வயது வினவப்படுகின்றது. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்கொரியா வயதைக் கணிப்பதிலே சர்வதேச முறையைச் சட்டபூர்வமாக நிலைப்படுத்திய பொழுது அது வெறும் நிர்வாகச் செய்தியாக முடியாது எங்கும் பேசுபொருளாயிற்று. அங்கு ‘சின்கு’, அதாவது நண்பன் என்னும் சொல்லே பெரும்பாலும் ஒத்த வயதினருக்கு மட்டும் உரியதாகும். ஓராண்டு மூத்தவன், இளையவன் ஆணாயின் ‘ஹ்யொங்’ எனவும், இளையவள் பெண்ணாயின் ‘ஒப்பா’ எனவும் அழைக்கப்படுகின்றான். பணியிடத்திலே பெயருக்குப் பதிலாகப் பதவியும் ‘நிம்’ என்னும் மரியாதை விகுதியும் நின்று தொழிற்படுகின்றன.

உடலும் இதே மொழியைப் பேசுகின்றது. மூத்தவரிடம் எதையும் இரு கைகளாலும் கொடுத்தும் பெற்றும் ஒழுகுதல், அவர் கரண்டியை எடுக்கும்வரை உணவைத் தொடாதிருத்தல், அவர்முன் மது அருந்துகையில் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்ளல் என்பன இன்றும் பெரிதும் பேணப்படுகின்றன. குவளையைத் தானே நிரப்பிக்கொள்ளலாகாது என்னும் வழக்கம் தனியே கருதத்தக்கது. ஒருவரின் குவளை வெறுமையாவதை மற்றவர் கண்டு நிரப்ப வேண்டும். அவரது குவளையை இவர் கவனிக்க வேண்டும். கேட்கப்படாமலே பிறர் தேவையை உணர்ந்துகொள்ளும் இவ்வாற்றலை ‘நுன்ச்சி’ எனக் கொரியர் போற்றுவர். அயலார் கண்ணுக்குப் படிநிலையாக மட்டும் தோன்றும் இம்முறையினுள் இடையறாத கவனிப்பு ஒன்று மறைந்துள்ளதென்பதை மறத்தலாகாது. பெற்றோருக்கு உணவளித்தல் மட்டும் பெற்றோர்ப் பேணல் ஆகாது, விலங்குகளுக்குங்கூட உணவளிக்கிறோமே என்று கொன்பூசியஸ் கூறியதாக மரபு உண்டு. எதைச் செய்கிறோம் என்பதோடு எவ்வாறு செய்கிறோம் என்பதும் அறத்தின் பாற்பட்டதே என்பது இதன் கருத்தாகும்.

3

அமெரிக்க ஒழுகலாற்றை மரியாதை குறைந்த ஒழுகலாறு எனக் கூறுவாருளர். வரலாற்றை நோக்குமிடத்து இது தவறென்பது புலனாகும். அங்கு முறைமை இல்லாதிருக்கவில்லை. வேறொரு கொள்கையின்மீது முறைமை எழுந்துள்ளது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே குவேக்கர் எனப்பட்ட சமயக் குழுவினர் நீதவான் முன்னிலையிலும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். மேலோரைப் பன்மையால் அழைப்பது அக்கால வழக்கமாயிருக்க, அவர்கள் யாவரையும் ஒருமையிலேயே விளித்தனர். தமிழிற் கூறின், பிரபுவையும் கூலியாளையும் ஒருங்கே ‘நீ’ என்றனர். இறைவன்முன் யாவரும் சமமெனின் மனிதர்முன் தலைதாழ்த்தல் பொய்யாகும் என்பது அவர்தம் வாதம். இதன்பொருட்டுப் பலர் சிறைசென்றனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் பென் 1681 இல் அரசரிடமிருந்து பட்டயம் பெற்ற குடியேற்றமே பென்சில்வேனியா. 1787 இல் வரையப்பட்ட ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை வழங்குவதைத் தடைசெய்தது. 1789 இல் நாட்டுத் தலைவரை எவ்வாறு விளிப்பதென விவாதம் எழுந்து, பெரும்பட்டங்கள் முன்மொழியப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டன.

1803 இல் நிகழ்ந்த சம்பவமொன்று சுவையானது. பிரித்தானியத் தூதுவர் அந்தனி மெரி முழுச் சீருடையுடன் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனைக் காணச் சென்றபொழுது, ஜனாதிபதி பழைய உடையுடனும் தேய்ந்த வீட்டுச் செருப்புடனும் அவரை வரவேற்றார். பின்னர் நடந்த விருந்திலே முன்னுரிமை வரிசை எதுவுமில்லை. இடம் கண்டவர் அமர்ந்துகொண்டனர். இதனைத் தம் மன்னருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே தூதுவர் கருதினார். சமத்துவத்தின் மரியாதை முறையும் ஒரு மரியாதை முறையே. அதனை அறியாதவரை அது புண்படுத்தும் என்பதற்கு இது நல்ல சான்று.

அன்றாட வாழ்விலே இக்கொள்கை பல வடிவங்களிற் காணப்படும். கைகுலுக்கல் இருவரையும் நிமிர்ந்தவாறே வைக்கின்றது. நேருக்கு நேர் கண்ணோக்குதல் நேர்மையின் அடையாளமாகின்றது. உணவு பரிமாறுபவருக்கும் சிறு பிள்ளைக்கும் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்னும் சொற்கள் வழங்கப்படுகின்றன. வயது, சம்பளம், திருமணம் என்பன பற்றிப் புதியவரிடம் வினவுவதில்லை. விருந்தினரிடம் எதை விரும்புகிறீர் என ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதனை உண்மையென்றே ஏற்று நிறுத்திவிடுகின்றனர். கொரிய விருந்தோம்பல் விருந்தினரின் தேவையை முன்னுணர்ந்து நிறைவேற்ற முனைகின்றது. அமெரிக்க விருந்தோம்பல் அவரது விருப்பை அவர் வாய்மொழியாகவே அறிந்து அதற்குப் பணிகின்றது. முன்னையதில் ஒருவர் உறவின் கண்ணியாக மதிக்கப்படுகின்றார். பின்னையதில் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் தனியாளாக மதிக்கப்படுகின்றார்.

4

இதுவரை கூறியவற்றிலிருந்து எளிய முடிவொன்றுக்கு வரலாம். மரியாதை முறைகள் மொழிகளைப் போன்றவை. சொற்கள் வேறுபடினும் கூறப்படும் பொருள் ஒன்றே. அப்பொருளாவது, ‘நீர் எனக்கு ஒரு பொருட்டாவீர்’ என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஏர்விங் கொப்மன் 1956 இல் எழுதிய கட்டுரையிலே, அன்றாட உபசாரங்களை மனிதர் ஒருவர்க்கொருவர் செய்யும் சிறு சடங்குகளாகக் கண்டார். சாரா பஸ் என்னும் மெய்யியலாளர் 1999 இல், பிறரை மதிக்கத்தக்கவராக ஏற்றுக்கொள்கிறோம் என்பதை அவருக்குப் புலப்படுத்துவதே மரியாதை முறைகளின் அறப்பயன் என வாதித்தார். இந்நோக்கின்படி குனிந்த தலையும் நீட்டிய கரமும் ஒரே கருத்தின் இரு மொழிபெயர்ப்புகள் ஆகிவிடுகின்றன.

இம்முடிவு உண்மையின் ஒரு பகுதியே. மொழியிலே வாழ்த்தவும் முடியும், வசைபாடவும் முடியும். அதிலும், வாழ்த்தும் சொல்லே வசையாக மாறும் இடங்களும் உள.

1963 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அலபாமா மாநிலத்தின் நீதிமன்றமொன்றிலே மேரி ஹமில்டன் என்னும் கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். இனச் சமத்துவ இயக்கமொன்றின் களப்பணியாளர் அவர். வழக்குத்தொடுநர் அவரை ‘மேரி’ என்று விளித்து வினா எழுப்பினார். வெள்ளையினச் சாட்சிகள் அங்கு ‘திரு’, ‘செல்வி’ என்னும் அடைகளுடனேயே விளிக்கப்படுவது வழக்கம். தம்மையும் உரிய முறையில் விளித்தாலன்றி விடையளிப்பதில்லை என ஹமில்டன் மறுத்துவிட்டார். நீதிமன்றத்தை அவமதித்த குற்றத்துக்காக அவருக்கு ஐந்து நாட் சிறையும் 50 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மாநில உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 1964 மார்ச் மாதத்திலே ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

பேராசிரியர் தம்மைப் பெயர்சொல்லி அழைக்குமாறு மாணவனை வேண்டுவது சமத்துவம். அதே பெயர்விளிப்பு அலபாமா நீதிமன்றத்திலே அடிமைத்தனத்தின் எச்சம். ஓசையில் இரண்டும் ஒன்றே. பெயர்சொல்லி அழைக்கும் உரிமை ஒருபுறத்தாருக்கு மட்டும் இருந்ததே அங்குள்ள வேறுபாடு. தேய்ந்த செருப்புடன் தூதுவரை வரவேற்ற ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவரது விருந்து மேசையைச் சுற்றி வரிசை முறை இல்லாதிருந்தது உண்மை. அம்மேசைக்கு யார் அழைக்கப்பட்டனர் என்பது வேறு வினா.

கொரிய முறைமையும் இதற்கு விலக்கன்று. 2014 டிசெம்பரிலே நியூயோர்க் விமானநிலையத்திற் புறப்படவிருந்த கொரிய விமானமொன்றில், விமான நிறுவனத் தலைவரின் மகளும் துணைத் தலைவருமான ஒருவர், கொட்டைப் பருப்புத் தட்டில் வைக்கப்படாமற் பொதியுடன் கொடுக்கப்பட்டதற்காகச் சினந்து, விமானத்தைத் திருப்பச் செய்து தலைமைப் பணியாளரைக் கீழே இறக்கிவிட்டார். ஓடுபாதையை நோக்கிச் சென்ற விமானம் உபசாரக் குறையொன்றின் பொருட்டுத் திரும்பிய இச்செய்தி கொரியா முழுவதிலும் பெருஞ்சினத்தை எழுப்பியது. மேலிடத்திலுள்ளவர் கீழுள்ளவர்மீது செலுத்தும் இத்தகைய அடாவடித்தனத்தைக் குறிக்கும் ‘கப்ஜில்’ என்னும் சொல் அக்காலத்திற் பரவலாயிற்று. மரியாதைப் பேச்சு ஒருவழிப் பாதையானால் அதன் முடிவில் எது நிற்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

5

மரியாதை முறை உயிரோடும் விளையாடக்கூடும் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1997 ஆகஸ்ட் 6 ஆந் திகதி நடைபெற்றது. சியோலிலிருந்து புறப்பட்ட கொரிய விமானமொன்று குவாம் தீவிலே தரையிறங்க முற்படுகையில் குன்றில் மோதியது. அதிலிருந்த 254 பேருள் 228 பேர் இறந்தனர். 2008 இல் வெளிவந்த நூலொன்றிலே மல்கம் கிளாட்வெல் என்னும் எழுத்தாளர், துணை விமானிகள் மூத்த விமானியின் தவற்றை நேரடியாகச் சுட்டிக்காட்டத் தயங்கியமையை இதற்கு முக்கிய காரணமாகக் கொண்டார். கொரியரின் படிநிலைப் பண்பாடும் மரியாதை மொழியுமே அத்தயக்கத்தின் ஊற்று என விளக்கினார். இக்கருத்து உலகெங்கும் பரவியது.

ஆயின் அமெரிக்க விசாரணைச் சபையின் அறிக்கை இவ்வளவு எளிய கதையைக் கூறவில்லை. மூத்த விமானி தரையிறங்கும் முறையை உரியவாறு விளக்காமையும் நிறைவேற்றாமையும், ஏனைய இருவரும் அதனைச் சரிபார்க்கத் தவறியமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவற்றோடு விமானியின் களைப்பு, நிறுவனத்தின் போதாத பயிற்சி, தாழப் பறத்தலை எச்சரிக்கும் தரைக்கருவியை அமெரிக்க அதிகாரிகளே செயற்படாது வைத்திருந்தமை என்பனவும் சேர்த்துக் கூறப்பட்டன.

குவாம் விபத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1982 ஜனவரி 13 ஆந் திகதி, பனி பொழிந்துகொண்டிருந்த வாஷிங்டன் நகரிலே அமெரிக்க விமானமொன்று எழுந்த சிறிது நேரத்துள் பொட்டொமக் ஆற்றுப் பாலத்தில் மோதி ஆற்றினுள் வீழ்ந்தது. விமானத்தில் 74 பேரும் பாலத்தில் நால்வரும் இறந்தனர். விமானி அறையின் ஒலிப்பதிவு உளது. கருவி காட்டும் அளவு சரியாகத் தெரியவில்லை என்பதைத் துணை விமானி ஓடுபாதையிலேயே திரும்பத் திரும்பக் கூறினார். ஆயின் நிறுத்துமாறு அவர் கூறவில்லை. மூத்தவரும் நிறுத்தவில்லை. இத்துணை விமானி தம் தலைவரைப் பதவிப் பெயராலோ மரியாதை விகுதியாலோ விளிக்கவில்லை, முதற்பெயராலேயே விளித்தார். இறுதிக் கணத்தில் விமானம் வீழ்கின்றது எனக் கூறியபொழுதும் அப்பெயரையே சொல்லி அழைத்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை தெளிவாகும். கொரிய விமானி அறையிலே படிநிலை சொல்லிலும் விகுதியிலும் வெளிப்படையாக இருந்தது. அமெரிக்க விமானி அறையிலே அது சொல்லிலிருந்து நீக்கப்பட்டிருந்தது; மனத்திலிருந்து நீங்கியிருக்கவில்லை. பெயர்சொல்லி அழைத்தலினால் மட்டும் ‘வேண்டாம், நிறுத்தும்’ என்று கூறும் துணிவு பிறந்துவிடவில்லை. ஒரு பண்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றைய பண்பாடு நீதிபதியின் இருக்கையில் அமர்தல் இங்கு இயலாது.

6

அவ்வாறாயின் திருத்தம் எங்கிருந்து வரவேண்டும்? ஒரு பண்பாட்டின் குறைக்கு மற்றொரு பண்பாட்டை இரவல் வாங்குதலே மருந்து என்பாருளர். ஒவ்வொரு மரபும் தன்னகத்தே கொண்டுள்ள மருந்தை அவர்கள் காண்பதில்லை.

கொன்பூசிய மரபின் பெருஞ்சிந்தனையாளரான மென்சியஸிடம் ஒருவர் வினவியதாகக் கதையொன்றுண்டு. ஆணும் பெண்ணும் பொருளைக் கைமாற்றும்பொழுது ஒருவரையொருவர் தொடலாகாது என்பது முறையாயின், நீரில் மூழ்கும் அண்ணியைக் கை கொடுத்துத் தூக்கலாமா? தூக்காதவன் ஓநாய்க்கு ஒப்பானவன் என்பதே மென்சியஸின் விடை. தொடாதிருத்தல் முறை, மூழ்குபவரைக் காத்தல் சூழலை நிறுத்துப் பார்க்கும் அறிவு. முறைமையைப் பெரிதும் போற்றிய அம்மரபே, முறைமை எவ்விடத்தில் வழிவிட வேண்டும் என்பதையும் கற்பித்தது. பெற்றோரைப் பேணும் அறத்தைக் கூறும் கொன்பூசிய நூல், தந்தை தவறு செய்யுங்கால் மகன் எதிர்த்துரைத்தே ஆகவேண்டும் எனவும், வாய்மூடிப் பணிதல் அவ்வறம் ஆகாதெனவும் விதிக்கின்றது. ஜொசொன் அரசிலே மன்னனை இடித்துரைப்பதற்கென்றே ‘சகன்வொன்’ என்னும் அலுவலகம் இருந்தது. குனிந்து வணங்கியவாறே ‘இது தவறு’ என்று கூறுதற்கு அம்முறைமையில் இடமிருந்தது. அவ்விடம் காலப்போக்கிற் சுருங்கியதே குறையாகும்.

அமெரிக்கரும் தம் குறையைத் தம் வழியிலேயே திருத்த முற்பட்டனர். 1978 டிசெம்பரிலே ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரருகே, சக்கரக் கோளாறொன்றை ஆராய்ந்தவாறு வானிற் சுற்றிக்கொண்டிருந்த விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்து பத்துப்பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அழுத்தமாக எடுத்துரைக்கத் தவறியமையை விசாரணை சுட்டிக்காட்டியது. அதன் பின்னரே, இளையவர் மூத்தவரிடம் தம் ஐயத்தை எவ்வாறு உறுதியாகக் கூறுவது, மூத்தவர் அதனை எவ்வாறு செவிமடுப்பது என்பதைக் கற்பிக்கும் பயிற்சி உருவாயிற்று. முதற்பெயரால் அழைத்துப் பழகியவர்க்கும் மறுத்துரைத்தலைத் தனியே கற்பிக்க வேண்டியிருந்தது என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

அண்மைக் காலக் கொரியாவும் இவ்வழியிலே பல முயற்சிகளைக் கண்டுள்ளது. 2002 உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்துக்குத் தென்கொரிய அணியைப் பயிற்றுவித்த ஒல்லாந்தரான குஸ் ஹிட்டிங், ஆடுகளத்தினுள் இளைய வீரர் மூத்தோரை மரியாதைச் சொல்லின்றிப் பெயர்சொல்லியே அழைக்கவேண்டும் எனப் பணித்தார். பந்து வரும் கணத்திலே விகுதியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவ்வணி அரையிறுதிவரை சென்றது. ‘சிஜே’ என்னும் பெருநிறுவனம் 2000 ஆம் ஆண்டிலே பதவிப் பெயர்களைக் கைவிட்டு, தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை யாவரையும் பெயரோடு ‘நிம்’ சேர்த்து அழைக்கும் முறையைப் புகுத்தியது. 2019 ஜூலையில் பணியிடக் கொடுமையைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இவற்றுள் ‘நிம்’ முறை மெய்யியல் நோக்கில் மிகவும் சிந்திக்கத்தக்கது. சமத்துவத்துக்கு இருவழிகள் உள. மரியாதையை எல்லாரிடமிருந்தும் நீக்குதல் ஒன்று. எல்லாருக்கும் வழங்குதல் மற்றொன்று. குவேக்கர் முதலாவது வழியைத் தெரிந்து யாவரையும் ‘நீ’ என்றனர். ஆங்கில மொழியோ காலப்போக்கில் இரண்டாவது வழியிற் சென்றது. ஒருமைச் சொல் வழக்கிறந்து, முன்பு மேலோருக்கு உரியதாயிருந்த பன்மைச் சொல்லே பிச்சைக்காரனுக்கும் உரியதாயிற்று. மேரி ஹமில்டன் கோரியதும் இதுவே. வழக்குத்தொடுநரையும் பெயர்சொல்லி அழைக்கும் உரிமையை அவர் கேட்கவில்லை; ஏனையோருக்குக் கிடைத்த மரியாதையைத் தமக்கும் கேட்டார். பல நூற்றாண்டுகளாக மரியாதை மறுக்கப்பட்டோர்க்கு, மரியாதையே வேண்டாப்பொருள் எனப் போதித்தல் எளிதில் ஏற்புடையதாகாது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மரியாதை முறைகளை அளப்பதற்கு இரு வினாக்கள் கிடைக்கின்றன. ஒன்று: இம்முறையின் மரியாதை எல்லாரையும் சென்றடைகின்றதா, அன்றிச் சிலரை வெளியே நிறுத்துகின்றதா? மற்றொன்று: இம்முறைக்குள் நின்றுகொண்டே கீழுள்ளவர் மேலுள்ளவரிடம் ‘இது தவறு’ என்று கூற இயலுமா? தலைகுனிதலா கைகுலுக்கலா என்பது அறவினா அன்று. இவ்விரு வினாக்களுக்கும் ஒரு சமூகம் அளிக்கும் விடையே அதன் மரியாதை முறையை அறமாக்குகின்றது, அன்றி அறத்தின் வேடமாக்குகின்றது. வடிவங்கள் பலவாயிருக்கலாம் என்பதிலே சார்புவாதியின் கருத்து சரியானது. ஆகவே எதையும் மதிப்பிட இயலாது என்னும் அவரது முடிவு சரியானதன்று.

இவ்வினா இலங்கையருக்குத் தொலைவிலுள்ள ஒன்றன்று. 2004 ஆம் ஆண்டிலே தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் இலங்கையின் இளைஞர்கள் கொரிய மொழித் தேர்வில் தேறி அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். மரியாதை விகுதிகளை மனனஞ்செய்து செல்லும் அவர்களுட் சிலரைத் தம்மினும் வயது குறைந்த மேற்பார்வையாளரே ‘பன்மாலில்’ ஏவுவதுண்டு. வெளிநாட்டுத் தொழிலாளரை அவ்வாறு விளித்தல் கொரியருள்ளேயே கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது. மூத்தோரை மதித்தலே தம் பண்பாடு எனக் கூறும் சமூகம், மூத்தவர் அந்நியத் தொழிலாளியாக இருக்கும்பொழுது அப்பண்பாட்டை மறப்பதேன் என்னும் வினா அங்கு எழுகின்றது.

இவ்வினாவைக் கொரியரிடம் மட்டும் கேட்டுவிட்டு அமைதல் நேர்மையாகாது. ‘நீங்கள்’ என்னும் சொல்லை இரு கைகளாலும் ஏந்திக் கொடுப்பதாகப் பெருமைகொள்ளும் யாழ்ப்பாணச் சமூகத்திலே, ஒடுக்கப்பட்ட சாதியினரான முதியவரை ஆதிக்க சாதிச் சிறுவன் ‘நீ’ என்றழைத்த காலம் வெகு தொலைவிலுள்ளதன்று. அம்முதியவர் அச்சிறுவனை எவ்வாறு விளித்தார் என்பதும் யாவரும் அறிந்ததே. ‘நீங்கள்’ என்னும் சொல் அழகிய சொல். அதன் அழகு, சொல்லப்பட்டவர்களைக் கொண்டு மட்டுமன்றி, சொல்லப்படாது விடப்பட்டவர்களைக் கொண்டும் அளக்கப்படல் வேண்டும்.